அவனை வெளியே அனுப்பாதீர்கள் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் போனில் சொன்ன அந்த எட்டாம் வகுப்புப் பையன் பெஞ்சைத் தட்டுகிறான், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறான், "வெளிய போலே" என்றால் சிரித்துக்கொண்டே போகிறான். திருநெல்வேலி முக்கூடல் பக்கம் முதல் வருஷம் வாத்தியார் வேலை பார்க்கிறவருக்கு இப்படி ஒருவன் கட்டாயம் கிடைப்பான்.

சேட்டை எப்போது ஆரம்பிக்கிறது என்று கவனித்தீர்களா? வாசிக்கிற முறை அவன் பெஞ்சை நெருங்கும்போது என்றால், வெளியே அனுப்புவதன் மூலம் அவன் கேட்டதைத்தான் கொடுக்கிறீர்கள். வாசிக்கத் தெரியாதவன் என்று வகுப்புக்கே தெரிவதைவிட ரவுடி என்று பேர் வாங்குவது அவனுக்கு எவ்வளவோ மேல்.

போர்டில் இருப்பதை அழகாக எழுதுகிறானே என்பீர்கள். பார்த்து வரைகிறான், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், தனியாக, பேச்சோடு பேச்சாக ஒரு தாளில் 'பாபநாசம்' என்று எழுதிக் காட்டுங்கள். சட்டென்று சொல்லிவிடுவான், தினமும் பஸ்ஸில் பார்க்கிற போர்டு. அதே எழுத்துகளை எடுத்துக் கீழே 'பாசம்' என்று எழுதுங்கள். அங்கே முழித்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

அதற்காக இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மீசை அரும்புகிற பையன், அட்டையைப் பார்த்ததுமே எழுந்துவிடுவான். அவனிடமே கதை கேளுங்கள். கோயில் கொடைத் திருவிழா வந்தாலே விடியவிடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். சுடலைமாடன் என்று எடுத்துக்கொடுத்தால் போதும், நிறுத்த மாட்டான். அதில் நாலு வரியை அவன் பேச்சிலேயே எழுதுங்கள். 'வந்தாம்லா' என்றால் 'வந்தாம்லா'தான், திருத்தாதீர்கள். அவன் சொன்ன வரி என்பதால் பாதி மனசில் இருக்கும், மீதியை எழுத்துக்கூட்டிப் பிடித்துவிடுவான். மறுநாள் அந்தச் சொற்களைத் தனித்தனியாக வெட்டி, கலைத்துப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் வாசிக்க வேண்டிய இரண்டு வரியையும் முந்தின நாளே அவனுக்குக் காட்டிவிடுங்கள்.

பாராட்டுவதிலும் கவனம். 'வெரி குட்' அவன் காதில் ஏறாது. "நேத்து இந்தச் சொல்லுல நின்ன, இன்னைக்குத் தாண்டிட்ட" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள். நோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினால் கூட்டாளிகள் ஓட்டுவார்கள், மறுநாள் நோட்டே வராது.

"ரெண்டு போடுங்க சார், சரியாயிடுவான்" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதோடு மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. 'மக்கு' என்று கூப்பிடுவதும் அதில் சேர்த்திதான் என்பேன்.

சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற வண்ணக் கயிறு விஷயமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுக்குத் தடை, அகர வரிசையில் உட்கார வைப்பது என்றெல்லாம் அதில் பரிந்துரை உண்டு. படிப்பில் ஒரு மரியாதையும் கிடைக்காத பையன் அதைக் கயிற்றில் தேடுகிறான் என்பது என் கணிப்பு. எல்லோர் முன்னாலும் பிடித்து அறுத்தால் அவனை வீரனாக்கிவிடுவீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். அகர வரிசையை நாளைக்கே செய்யலாம். கூட்டமும் கலையும், உங்கள் மேல் ஓரவஞ்சனைப் பழியும் வராது.

"அம்மாவைக் கூட்டிட்டு வா" மட்டும் வேண்டாம். வீட்டில் பீடி சுற்றி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். அரை நாள் ஸ்கூலில் வந்து நின்றால் சுற்றுவது குறையும், அந்தக் கோபம் பையன் முதுகில்தான் இறங்கும். சாயங்காலம் நீங்களே ஒரு எட்டு போய் வாருங்கள். அந்த அம்மா மடியில் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டேதான் பேசுவார். மரியாதை இல்லை என்று நினைக்க வேண்டாம். முதல் தடவை குறை ஒன்றும் சொல்லாமல், அவன் கதையை எழுதிய தாளைக் காட்டுங்கள்.

அரையாண்டுக்குள் ஒரு பத்தியைத் திக்கித்திணறி வாசித்தாலே பெரிய விஷயம். தலைமையாசிரியர் மார்க் பட்டியலைக் காட்டிக் கேட்டால், அந்தப் பத்தியை அவர் முன்னால் வாசிக்க வைக்கலாமா என்று முதலில் பையனிடம் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா