ஹவாசாவிலிருந்து அப்பாருக்கு

ஹவாசா, எத்தியோப்பியா
டிசம்பர் முதல் வாரம்

அன்புள்ள அப்பாருக்கு, ஆண்டவர் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் இங்கே நல்ல சுகம். நீங்களும் ஆத்தாவும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று அம்மா சொன்னாங்க. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். போனில் பேசினால் "சாப்பிட்டியா கண்ணு, குளிரா" என்பதோடு முடிந்துவிடும். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏரிக்கரை ஊர். 2016-ல் திறந்த தொழில் பூங்கா. திருப்பூரில் பார்த்த அதே கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். ஷிப்டு காலை 7 மணிக்கு. அதை இங்கே 'ஒரு மணி' என்கிறார்கள். பொழுது விடிவதிலிருந்துதான் மணியை எண்ணுகிறார்கள். இயேசு ஒன்பதாம் மணி நேரத்தில் கூப்பிட்டார் என்றால் அது பிற்பகல் 3 மணி என்று ஞாயிறு பள்ளியில் விரல்விட்டுக் கணக்குச் சொல்லித் தருவீர்களே, அந்தக் கணக்கே இங்கே தேவையில்லை. பிற்பகல் மூன்றுக்கு யாரிடம் மணி கேட்டாலும் 'ஒன்பது' என்றுதான் பதில் வரும். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

அப்பாரு, நம்மைப் பார்த்து 'வெள்ளைக்காரன் சாமியைக் கும்பிடுகிறவர்கள்' என்று ஊரில் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவன் நான். நம் பக்கத்துக்குச் சுவிசேஷம் லண்டன் மிஷன்காரர்கள் வழியாக வந்தது உண்மைதான். கோயமுத்தூரில் அவர்கள் 1830-ல் வேலையைத் தொடங்கினார்கள். ஆனால் இங்கே அக்சும் ராஜ்யத்தின் எசானா ராஜா நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவர் ஆகிவிட்டார். அவருக்கு விசுவாசத்தைச் சொன்னவர், தீரு பட்டணத்திலிருந்து சிறுவனாக வந்து இந்த அரண்மனையில் அடிமையாக வளர்ந்த புருமெந்தியு என்பவர். ரோமிலிருந்து அகஸ்டின் என்ற துறவி இங்கிலாந்துக்குப் போய் இறங்கியதே 597-ல்தான். வெள்ளைக்காரன் மிஷன் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கி, கறுப்பு மக்கள் 1,600 வருஷத்துக்கும் மேலாகக் காத்துவந்த சபை இந்த எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் நிமிர்ந்து நடக்கிறேன்.

அப்போஸ்தலர் 8-ல் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு வரும் மந்திரியைப் பற்றி நீங்கள் எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருப்பீர்கள்! அந்தக் கந்தாகே ராணியின் நாடு இன்றைய சூடான் பக்கம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இங்கே உள்ளவர்களோ அவரைத் தங்கள் வீட்டு மனிதராகவே பேசுகிறார்கள்.

போன ஜனவரி 19-ல் திம்கத் பார்த்தேன். இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடும் திருநாள். முந்தின நாளே, உடன்படிக்கைப் பலகையின் நினைவாக ஒவ்வொரு கோயிலிலும் வைத்திருக்கும் பலகையைப் பட்டுத்துணியில் சுற்றி, குருவானவர் தலையில் சுமந்து, ஜரிகைக் குடைகளின் கீழ் தண்ணீர்க்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். திருநாள் காலையில் தண்ணீரை ஜெபித்துக் கூட்டத்தின்மேல் தெளிக்கிறார்கள். கொடுமுடியிலிருந்து தீர்த்தக்குடம் வரும் கூட்டம் போலவே இருந்தது. ஆனால் என் கண் நின்றது மேளத்தின்மேல். இருபுறமும் தோல் கட்டிய பெரிய மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தலைப்பாகை கட்டிய குருமார்களே அடித்து ஆடுகிறார்கள். ஆராதனையிலும் அதே மேளம்தான். உங்கள் அப்பா ஞானஸ்நானம் வாங்கிய அன்று பறையை அட்டாலியில் தூக்கிப் போட்டார், அப்புறம் தொடவே இல்லை என்று சொல்வீர்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்குப் புரிகிறது. ஊரான் சாவுக்கெல்லாம் கூப்பிட்ட கை அது. ஆனால் தோலும் கட்டையும் தேவனுக்கு ஆகாதவை அல்ல அப்பாரு. கும்பிடப்போகும்போது நம் கையில் இருப்பதையெல்லாம் கொண்டுபோகலாம் என்று இங்கே கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் வேதத்தில் 81 புத்தகங்கள். நம் வேதத்தின் 66-ஐ ஒப்பிக்க வைத்த உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். ஏனோக்கின் புத்தகமும் அதில் உண்டு. அது முழுசாகப் பிழைத்தது இவர்களுடைய பழைய கீஸ் மொழியில்தான். ஏனோக்கு சொன்னதைக் குறிப்பிடும் யூதா நிருபம் 14-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். நேரில் வரும்போது நாம் பேசலாம்.

இப்போது கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நோன்பு. நவம்பர் 25-ல் தொடங்கியது, ஜனவரி 6 வரை போகும். அவர்களுக்குக் கிறிஸ்மஸ் 7-ந்தேதி. கறி, பால், நெய் எதுவும் கிடையாது. என் லைன் சூப்பர்வைசர் அக்கா ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ராகியைவிடச் சின்னதான தெஃப் மாவைப் புளிக்கவைத்து அகலமாகச் சுட்ட இஞ்ஜெராவை ஒரே பெரிய தட்டில் விரித்து, நடுவில் மசாலா போட்ட கடலைமாவுக் குழம்பு. ஆளுக்கொரு தட்டு என்பதே இல்லை. எல்லோர் கையும் அதே தட்டில். அந்த அக்காவின் அம்மா ஒரு துண்டைக் கிள்ளி, குழம்பில் தொட்டுச் சுருட்டி, என் வாயில் ஊட்டிவிட்டார். குர்ஷா என்பார்கள். மரியாதையும் பாசமும் ஒன்றாகச் சேர்ந்த வழக்கம். என்ன குலம், என்ன ஊர் என்று யாரும் கேட்கவில்லை. டீக்கடையில் உங்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த காலம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்ததும், காரம் என்று நினைத்து அந்தப் பாட்டி சிரித்தார். கிழக்கிலும் மேற்கிலுமிருந்து ஜனங்கள் வந்து தேவனுடைய ராஜ்யத்தில் பந்தியிருப்பார்கள் என்பதை அன்றைக்குத்தான் வயிறார வாசித்தேன்.

இங்கே எல்லாமே பரிசுத்தம் என்று எழுத மாட்டேன். 2020-லிருந்து 2022 வரை வடக்கே திக்ராய் போரில் ஒரே விசுவாசத்தைச் சொல்லும் ஜனங்கள் ஒருவரையொருவர் கொன்றார்கள். அந்த அக்கா அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவார். அதனால்தான் கும்பிடுவதோடு நின்றுவிடக் கூடாது என்று எனக்குப் படுகிறது. யாரைப் பக்கத்தில் உட்காரவைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் வீட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் இருக்கிற, பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற ஒடிசாப் பையன்களை இந்தக் கிறிஸ்மஸுக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் இந்து, நமக்குப் பாஷையும் தெரியாது, பரவாயில்லை. நானும் இங்கே அப்படித்தானே இருக்கிறேன். கறிக்கும் அரிசிக்கும் அப்பா கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். ஆத்தாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பார்சல் கட்டிக் கொடுத்துவிட வேண்டாம். இலை போட்டு, உங்களோடு ஒரே வரிசையில் உட்காரவைத்துப் பரிமாறச் சொல்லுங்கள்.

உங்கள் பேரன்