100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டும் படகு ஸ்டார்ட் ஆகவில்லை: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற பாய்லர்மேன்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
படகு மின்சாதன விற்பனை, பொருத்துதல் நிறுவனம்,
கிள்ளான்.

பொருள்: ஸ்டீரியோவுக்காகப் படகின் சார்ஜிங் அமைப்பை (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர், பேட்டரி, ஒயர்) மாற்றியதில் நடந்த தவறுகள், வேலையைச் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

கௌண்டரில் உங்கள் ஆட்களோடு தமிழில்தான் பேசி முடித்தோம். அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் ஆபீஸ் கோப்புக்கு மலாயில் வேண்டுமென்றால் சொல்லுங்கள், என் மருமகன் எழுதித் தருவான்.

நான் தோட்டத்துச் செம்பனை ஆலையில் 27 வருடம் பாய்லர் பார்த்தவன். ஓய்வு பெற்றதும் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தில் ஒரு பங்கு, என் இரண்டு மைத்துனர்கள் ஆளுக்கொரு பங்கு என்று போட்டு, 28 அடி மரப் படகு ஒன்றை வாங்கினோம். உள்ளே டீசல் இன்ஜின். வாடகைக்கு விடுவதில்லை. பெர்னாம் ஆற்றில் ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிப்பது, பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வரைக்கும் போய் வருவது, அவ்வளவுதான் அதன் உபயோகம். நங்கூரம் போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும்போது பழைய பாட்டு கொஞ்சம் ஓட வேண்டும், மின்னல் எஃப்.எம். வானொலி கேட்க வேண்டும். இதற்காகத்தான் கடந்த மார்ச் மாதம் உங்கள் கடைப் படியேறினேன்.

அன்று நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "படகு நிற்கும்போது, இன்ஜின் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருக்கும்போது, நாலைந்து மணி நேரம் பாட்டுக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் இன்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும்." கௌண்டரில் இருந்த தம்பி, "அண்ணே, 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டுட்டா கல்யாண வீட்டு ஸ்பீக்கரே ஓட்டலாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். பில் தொகை 3,860 வெள்ளி (ரிங்கிட்). ஆல்டர்னேட்டர் 1,250, ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் 1,180, இரண்டாவது பேட்டரி 420, இரண்டு பேட்டரிகளையும் பிரித்து வைக்கும் ரிலே 260, கேபிளும் ஃபியூஸும் 350, கூலி 400. உங்கள் ஆட்கள் இருவர் இங்கே படகுத்துறைக்கே வந்து ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். வேகமாகச் செய்தார்கள் என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்கூட. வீட்டுக்காரி அவர்களுக்கு மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டாள்.

அப்புறம் வந்தது பள்ளி விடுமுறை. மாலை 4 மணிக்கு முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, பாக்காவ் (அலையாத்தி) மரங்களுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டோம். பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் நால்வர். உங்கள் தம்பி சொன்னபடி இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டுப் பாட்டுப் போட்டோம். 9 மணிக்கு, சாப்பிடும் நேரத்தில் டீசல் புகை வேண்டாமே என்று இன்ஜினை அணைத்தேன். பாட்டு மட்டும் ஓடியது. 10 மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். ரேடியோவின் நீல வெளிச்சம் அணைந்தது, நங்கூர விளக்கு மங்கியது. மறுபடி திருப்பினேன், அந்த 'டக்'கும் போய்விட்டது. நீர் இறங்க ஆரம்பித்திருந்தது. கொசு. சின்னப் பேத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். மூத்த மைத்துனர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

முக்கால் மணி நேரம் டார்ச் லைட்டை ஆட்டியபின், கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த சீன மீனவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். கயிறு கட்டி இழுப்பார் என்று நினைத்தேன். அவரோ எங்கள் படகுக்குள் இறங்கி, பலகையைத் தூக்கி, பேட்டரிப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "லூ அடா டுவா பாதேரி! சத்து மாத்தி, சத்து தீடோர்!" இரண்டு பேட்டரி இருக்கிறது, ஒன்று செத்துவிட்டது, ஒன்று தூங்குகிறது. அவருடைய ஜம்பர் கேபிளை எங்கள் இரண்டாவது பேட்டரியிலிருந்து முதல் பேட்டரிக்குப் போட்டார். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்தது.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டுக்காகவே வாங்கிய பேட்டரி நிறைந்து கிடக்கிறது, இன்ஜினுக்கான பேட்டரி காலியாகிறது. இது எப்படி? மறுநாள் படுத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். பலகைக்கு அடியில், டீசல் டேங்குக்குப் பின்னால், குழாயோடு சேர்த்துக் கட்டிய இடம் தாண்டி, அது போய் முடிந்தது ஸ்டார்ட்டர் பேட்டரியின் டெர்மினலில்! இரண்டாவது பேட்டரியில் ரிலேயின் ஒயரைத் தவிர வேறொன்றும் இல்லை. அது வாங்கும், யாருக்கும் கொடுக்காது. 680 வெள்ளிக்குப் பேட்டரியும் ரிலேயும் விற்றுவிட்டு, அவை எதற்காகப் போடப்படுகின்றனவோ அந்த ஒரு வேலையை மட்டும் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள்.

இந்த ஒரு ஒயரை நானே மாற்றிப் போட்டிருப்பேன். ஆனால் தேடத் தொடங்கிய பிறகு மற்றதும் கண்ணில் பட்டது.

45 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஆலையில் இன்னும் வேலை செய்யும் பழைய நண்பரிடம் இரவல் வாங்கினேன். எங்கள் இன்ஜின் ஸ்லோவில் நிமிடத்துக்கு 700 சுற்று ஓடும். இன்ஜின் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) ஆல்டர்னேட்டர் புல்லியைப் போல் இரண்டு மடங்கு பெரிது, ஆகவே ஆல்டர்னேட்டர் 1,400 சுற்று. அந்த வேகத்தில் அது கொடுத்தது 12 ஆம்பியர். நாங்கள் வழக்கமாக வைக்கும் சத்தத்தில் ஸ்டீரியோ இழுப்பது 17. விளக்கும் மீன் காட்டும் கருவியும் சேர்ந்து 2. ஆக ஒவ்வொரு மணி நேரமும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து போகிறது. 5 மணி நேரத்துக்கு 35, இன்ஜினை அணைத்துச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கு 19, மொத்தம் 54. என் ஸ்டார்ட்டர் பேட்டரியோ என்-70, அதாவது 70 ஆம்பியர்-மணி. அது ஏன் படுத்தது என்பதற்கு இன்ஜினியர் வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கழித்தல் போதும்.

இந்த மாதிரி கார் ஆல்டர்னேட்டர்கள் தங்கள் முழு அளவைக் கொடுப்பது 6,000 சுற்றை ஒட்டித்தான். எங்கள் டீசல் இன்ஜினை முழுதாக முறுக்கினாலும் 2,400 தாண்டாது. ஆல்டர்னேட்டர் 4,800. அதாவது பெட்டியில் அச்சடித்த 100 ஆம்பியரை இந்தப் படகு ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. நான் ஸ்லோவில் எவ்வளவு வரும் என்று கேட்டேன், நீங்கள் உச்சத்தில் எவ்வளவு வரும் என்று பதில் சொன்னீர்கள். என் புகாரின் வேர் இதுதான், ஐயா.

(ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் '2000 வாட்ஸ்' என்று போட்டிருக்கிறது. அதன் முதுகில் இருப்பதோ 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. 60 ஆம்பியர், 12 வோல்ட், பெருக்கினால் 720. 720 உள்ளே போய் 2000 வெளியே வருமானால் ஆலையில் நாங்கள் ஏன் பாய்லருக்கு நாரும் ஓடும் அள்ளிப் போட்டோம்? அது போகட்டும், சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.)

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். 100 ஆம்பியர் கொடுக்கும் ஆல்டர்னேட்டரைச் சுற்ற இன்ஜினிலிருந்து மூன்று குதிரைசக்திக்கு மேல் வேண்டும். அதைப் பழைய 10 மில்லிமீட்டர் ஒற்றை வி-பெல்ட்டிலேயே மாட்டியிருக்கிறார்கள். பெல்ட்டை மாற்றவே இல்லை. ஒரு மாதத்தில் ஆல்டர்னேட்டருக்குக் கீழே, வெள்ளைப் பெயிண்ட் அடித்த பலகை மேல், கண் மை போல மெல்லிய கறுப்புத் தூள் படிந்துவிட்டது. விரலால் தொட்டால் ரப்பர் வாடை. வழுக்கி வழுக்கித் தேய்கிறது பெல்ட். உங்கள் ஆள் போனில் "இறுக்கிக் கட்டுங்க" என்றார். அதே பெல்ட்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அதிகம் இறுக்கினால் பம்பின் பேரிங் போகும், பம்ப் போனால் இன்ஜினே போகும். ஆலையில் என் கண்ணெதிரே ஓடிய பெல்ட்டுகளுக்குக் கணக்கில்லை. இதை எனக்குச் சொல்ல வேண்டாம்.

கேபிளும் இதே கதைதான். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போவது பழைய 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், போக 5 மீட்டர், வர 5 மீட்டர். செம்பின் கணக்குப்படி அதில் 0.029 ஓம் தடை. 30 ஆம்பியர் ஓடும்போது கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். அளந்தேன்: 1,800 சுற்றில் ஆல்டர்னேட்டர் முனையில் 14.3, பேட்டரியில் 13.4. ஈய பேட்டரி முழுதாக நிறைய 14.2-க்கு மேல் வேண்டும், அது வந்து சேரவே இல்லை.

ஆம்ப்ளிஃபையருக்குப் புதிதாக இழுத்த ஒயரைக் கத்தியால் லேசாகச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு! செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூட இது கடத்தாது, உப்புக் காற்றில் சீக்கிரம் அரித்தும் போகும். பில்லில் 'படகுக்கான கேபிள்' என்று எழுதியிருக்கிறீர்கள். படகுக்கான கேபிள் என்றால் ஈயம் பூசிய செம்பு. இதைவிட என்னைப் பயமுறுத்தியது ஃபியூஸ். அதை ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து அதுவரை நாலு மீட்டர் ஒயர், டீசல் டேங்கை உரசிக்கொண்டு, காவல் இல்லாமல் போகிறது. ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது ஒயரை. ஏபிஒய்சி என்கிற அமெரிக்கப் படகுத் தர விதிகளில் பேட்டரியிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஒயர் உரசித் தோல் உரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்த அன்றே நான் அந்த ஒயரைப் பேட்டரியிலிருந்து கழற்றிவிட்டேன். இப்போது படகில் பாட்டு இல்லை.

இன்ஜினை முறுக்க முறுக்க ஸ்பீக்கரில் 'ஊய்ய்' என்று ஏறும் சத்தத்தைப் பற்றி எழுத வந்தேன். அது சின்ன விஷயம், விடுங்கள்.

மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை, "பாட்டைக் கொஞ்சம் குறைச்சு வைங்க அங்கிள்." இரண்டாம் முறை, "உங்க ஸ்டார்ட்டர் பேட்டரி பழசு." இரண்டு வருடம் ஆன பேட்டரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வருவதற்கு முன் அது ஒரு நாளும் கைவிடவில்லை. மூன்றாம் முறை, 2,400 வெள்ளிக்கு லித்தியம் பேட்டரி போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றார்கள். லித்தியம் பேட்டரி, ஆல்டர்னேட்டர் கொடுப்பதை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஸ்லோவில் ஆல்டர்னேட்டரைக் குளிர்விக்கும் காற்றாடியும் மெதுவாகச் சுற்றும், இன்ஜின் அறையோ அடுப்பு மாதிரி. நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் அதை மாட்டினால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். அந்தச் சார்ஜரைப் பற்றி உங்கள் ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தப்பை மூட இன்னொரு சாமானை விற்கப் பார்த்தால் எனக்குக் கோபம் வராதா?

நான் கேட்பது இது. ஆல்டர்னேட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, ஸ்பீக்கரையும் சொல்லவில்லை. 14 நாட்களுக்குள் தெரிந்த ஆள் ஒருவரை அனுப்பி, ஸ்டீரியோவை இரண்டாவது பேட்டரிக்கு மாற்றுங்கள். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், ஈயம் பூசிய செம்புக் கேபிள், ஆல்டர்னேட்டருக்குத் தகுந்த 13 மில்லிமீட்டர் பெல்ட், அதற்கேற்ற மூன்று புல்லிகள். ஆல்டர்னேட்டர் புல்லியைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் ஸ்லோவிலும் கூடுதலாக வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். முடித்ததும், போவதற்கு முன், இன்ஜினை 700-இல் ஓடவிட்டுப் பாட்டையும் போட்டு, எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று என் முன்னால் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கெல்லாம் நான் ஒரு சென்னும் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். முடியாது என்றால் கேபிள், கூலி, ரிலே மூன்றுக்குமாக 1,010 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டும் நடக்காவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன். 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வேலையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்கிறது. நான் என்ன தேவைக்காகக் கேட்டேன் என்பதை உங்கள் ஆளே பில்லின் பின்பக்கம் 'ஸ்லோ, 5 மணி நேரம், பாட்டு' என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். அதன் நகல், மீட்டர் படங்கள், பெல்ட் தூள் படிந்த பலகையின் படம், சுரண்டிய ஒயரில் ஒரு விரல் நீளத் துண்டு ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே போன் செய்யச் சொல்லுங்கள், நீர் ஏறி நிற்கும் நேரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். நீர் வற்றிவிட்டால் படகு சேற்றில் சாய்ந்து உட்கார்ந்துவிடும், இன்ஜினை ஓட்டிப் பார்க்க முடியாது. பெல்ட்டும் புல்லியும் அங்கிருந்தே கொண்டு வரட்டும், இங்கே கடைகளில் அந்த அளவு கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஊத்தான் மெலிந்தாங்.