கட்டுரை நோட்டும் செயற்கை நுண்ணறிவும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

இந்தப் பருவத்திலிருந்து 6ஆம் வகுப்புக்கு மேல் எல்லா மொழிப்பாடங்களிலும் கட்டுரையின் முதல் வரைவை மாணவர்கள் வகுப்பறையில், கையால் எழுதுவார்கள். வீட்டில் எழுதி எடுத்துவரும் கட்டுரைக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போடும் வழக்கத்தை நிறுத்துகிறோம். இந்த மாற்றத்துக்குக் காரணம் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். "அடியோடு தடை போட்டுவிடலாமே" என்று சிலரும், "நாளைய வேலையே அதில்தானே, பள்ளியே சொல்லிக்கொடுக்கக் கூடாதா" என்று சிலரும் கேட்டீர்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30 அன்று. அதுவும் அதைப் போன்ற மற்றக் கருவிகளும் ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, ஒரு வாக்கியத்தில் அடுத்து எந்தத் துண்டு வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே பதிலைக் கட்டுகின்றன. சொல்வது மெய்யா என்று பார்ப்பது வேறு வேலை. அதனால் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே தெளிவோடு, ஒரே நடையில் சொல்லும். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே நடக்கவில்லை என்று தெரிந்து நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். பிள்ளைகளின் பாடத்தில் இந்தக் கோளாறு அதிகம் தலைகாட்டுவது நூல்பெயர், ஆண்டு, மேற்கோள், செய்யுள் அடி ஆகியவற்றில்தான். செய்யுள் கேட்டால் எதுகை மோனையோடு, எந்தப் புலவரும் எழுதாத அடியைத் தந்துவிடும். இவற்றைப் பாடநூலிலோ நூலகப் பிரதியிலோ கண்ணால் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. "தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். கணினியோ அதை த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகச் சேமிக்கிறது. எழுத்தைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு), ஆக மொத்தம் 15 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். செயற்கை நுண்ணறிவுக் கருவி இந்த வரிசையைத் தன் வசதிக்கு வெட்டிக்கொள்கிறது. வெட்டு விழும் இடமும் நம் எழுத்து முடியும் இடமும் பல நேரம் பொருந்துவதில்லை. எழுத்தை எண்ணுவதிலும் அசை பிரிப்பதிலும் இந்தக் கருவிகள் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். யாப்புப் பாடத்துக்கு இவற்றை நம்ப வேண்டாம்.

மொழிபெயர்ப்பில் கவனிக்க வேண்டியது "நாம்", "நாங்கள்" வேறுபாடு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம், விட்டுச் சொன்னால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலப் பத்தியைக் கொடுத்துத் தமிழில் கேட்டால் கருவி இரண்டில் ஒன்றை ஊகித்துப் போடும். ஊகம் தவறினால் இலக்கணப் பிழை எதுவும் தெரியாது, பொருள் மட்டும் மாறிவிடும். நீ, நீங்கள் என்பதிலும் இதே கதைதான். ஆங்கிலத்திலிருந்து பெயர்ந்த வாடை அடிக்கும் தொடர்களும் வரும். "நூலகம் கல்வியில் ஒரு முக்கியப் பங்கை வகிக்கிறது" என்று எழுதித் தரும். "நூலகம் இல்லாமல் படிப்பு நிறையாது" என்று ஒரு பிள்ளை தானாக எழுதினால் அதற்குத்தான் நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

இனி முக்கியமான விஷயம். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் நடத்திய ஆய்வு 2025இல் வெளியானது. சாட்ஜிபிடி வகையைச் சேர்ந்த ஜிபிடி-4 கருவியைத் தங்குதடையின்றிப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் மற்றவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி மாற்றிய கருவியைப் பயன்படுத்திய குழுவில் இந்தச் சரிவு பெரும்பாலும் காணப்படவில்லை. எங்கள் முடிவுக்கு அடிப்படை இதுதான். பிள்ளை முதலில் தானாக முயன்றதா, அல்லது முதலிலேயே கேட்டுவிட்டதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மொழியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். "எழுதிக் கொடுத்தான்" என்பதில் க் மிகும், "எழுதிய கடிதம்" என்பதில் மிகாது. பேனாவை நிறுத்தி "வருமா, வராதா" என்று யோசிக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் வினையெச்சமும் பெயரெச்சமும் மனதில் பதிகின்றன. கருவி திருத்திக் கொடுத்துவிட்டால் அந்த அரை நிமிடம் வராமலே போய்விடும். வேலை–வேளை, அரம்–அறம், மனம்–மணம் போன்ற இணைகளில் இரண்டுமே சரியான சொற்கள், ஆகவே சாதாரணப் பிழைதிருத்தி எதையும் காட்டாது. இங்கே காதும் பழக்கமும்தான் துணை.

வீட்டில் கட்டுரை எழுதிப் பழகும்போது இப்படிச் செய்யச் சொல்லுங்கள். முதல் 15 நிமிடம் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். கட்டுரையைக் கையால் எழுதட்டும், சொல் கிடைக்காத இடத்தில் கோடிட்டு விட்டுவிட்டு மேலே போகட்டும். எழுதி முடித்த பிறகு கருவியைத் திறக்கலாம். கேட்கும் விதம் முக்கியம். "திருத்திக் கொடு" என்று கேட்டால் முழுக் கட்டுரையையும் தன் நடையில் மாற்றி எழுதிவிடும், பிள்ளையின் குரல் அதில் எங்குமே இருக்காது. "எதையும் திருத்தாதே. எந்த வரியில் பிழை இருக்கலாம், அது என்ன வகைப் பிழை என்று மட்டும் சொல்" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டும் சில சமயம் விடையைக் கொட்டிவிடும். அப்போது திரையை மூடிவிட்டு அந்த வரியைத் தானாக எழுதிப் பார்க்கட்டும். கருவி பிழை என்று சொன்னதை அகராதியிலோ இலக்கண நூலிலோ சரிபார்த்துவிட்டு, பச்சை மையில் திருத்தலாம். சரியாக எழுதியதையே பிழை என்று அது காட்டுவதும் உண்டு. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் ஓரத்தில் குறித்துவரச் சொல்லுங்கள், வகுப்பில் அதைப் பேசுவோம். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும், திருத்திய வரிகளில் மூன்றை நோட்டைப் பார்க்காமல் எழுதிப் பார்க்க வேண்டும். கற்றதைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுப்பதுதான் நிலைக்கும்.

அந்நிய மொழியில் பேசிப் பழக இந்தக் கருவிகள் நல்ல துணை, தயங்காமல் பயன்படுத்தலாம். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை, கருவியோடு தினம் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினால் நா பழகும்.

13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பயன்படுத்தட்டும். யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வகுப்பறைப் பயன்பாட்டுக்கு 13 வயதையே கீழ் எல்லையாகச் சொல்கிறது.

"இது இயந்திரம் எழுதியது" என்று கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருளைப் பள்ளி பயன்படுத்தாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றது. இயந்திர எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் தலையில் கட்டியது. செய்யாத குற்றத்துக்கு ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்பதை நான் ஏற்க மாட்டேன். சந்தேகம் வந்தால் ஆசிரியர் ஐந்து நிமிடம் பேசுவார்: இந்தச் சொல்லை ஏன் போட்டாய், இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் என்ன குறையும் என்று கேட்பார். தானாக எழுதியவர் பதில் சொல்லிவிடுவார்.

வேலைவாய்ப்பு பற்றிய கவலைக்கு வருகிறேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாதிப்புக்கு அதிகம் உள்ளாகும் பிரிவு எழுத்தர் பணி. அதிலுள்ள வேலைக்கூறுகளில் 24 சதவீதம் பெரிய அளவில் இயந்திரத்தின் கைக்குப் போகக்கூடும். மற்றப் பெரும்பாலான தொழில்களில் வேலை போவதைவிட வேலை செய்யும் விதம் மாறுவதே அதிகம் என்கிறது அந்த ஆய்வு. மொழிபெயர்ப்பில் இதை இப்போதே பார்க்கலாம். முதல் வரைவை இயந்திரம் தருகிறது, மனிதர் செப்பனிடுகிறார். "நாம்" வர வேண்டிய இடத்தில் "நாங்கள்" வந்திருப்பதைக் கண்டுபிடிக்க இரண்டு மொழியும் முன்பைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கவலை தருவது வேறு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தொழில் பழகியதெல்லாம் குறிப்பெடுப்பது, சுருக்கி எழுதுவது, முதல் வரைவு போடுவது போன்ற சிறு வேலைகளில்தான். இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்வதும் அவற்றையே. அந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பதும் கையால் எழுதும் வரைவுக்கு ஒரு காரணம். எந்தப் படிப்புக்கு எதிர்காலம் என்று ஊகம் செய்து பிள்ளையை ஒரு பக்கம் தள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாதுகாப்பு பற்றி ஒன்றிரண்டு. மூன்று விநாடிக் குரல் பதிவிலிருந்தே அதே குரலில் பேசவைக்கும் தொழில்நுட்பம் 2023 ஜனவரியிலேயே காட்டப்பட்டுவிட்டது. "அம்மா, அவசரம், பணம் அனுப்பு" என்று பிள்ளையின் குரலில் அழைப்பு வந்தால் வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த எண்ணில் நீங்களே திரும்ப அழையுங்கள். வீட்டார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள், அதை எந்தக் கருவியிலும் தட்டச்சு செய்ய வேண்டாம். பிள்ளையின் படத்தை யாராவது ஆபாசமாக மாற்றிப் பரப்பினால் பிள்ளையைத் திட்டாதீர்கள், தவறு பிள்ளையுடையது அல்ல. படத்தை யாருக்கும் அனுப்பாமல், வந்த கணக்கின் பெயரையும் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அன்றே காவல்துறையிடமும் என்னிடமும் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை.

வரும் திங்கட்கிழமை ஒவ்வொரு மாணவரும் 80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றும், நீலம், பச்சை பேனாக்களும் கொண்டுவர வேண்டும். இடப்பக்கம் முதல் வரைவுக்கு, வலப்பக்கம் திருத்தத்துக்கு. கருவியைப் பயன்படுத்தியிருந்தால் என்ன கேட்டார்கள் என்பதைப் பக்கத்தின் அடியில் ஒரே வரியில் எழுத வேண்டும். எழுதியதற்காக மதிப்பெண் குறையாது. வாரக் கடைசியில் நோட்டு வீட்டுக்கு வரும்போது, பச்சை மை இருக்கும் பக்கங்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்