மாதவிலக்கைப் பேசும் எழுத்து நேற்று வந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மகளிர் இணைப்பில், மாதவிலக்குத் தீட்டை எதிர்க்கும் தெற்காசியப் பெண் கலைஞர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை 2015-இல், கனடாவில் தொடங்குகிறது. பஞ்சாபில் பிறந்து கனடாவில் வளர்ந்த கவிஞர் ரூபி கௌர், உடையிலும் படுக்கையிலும் மாதவிலக்குக் கறை தெரிய, தான் படுத்திருக்கும் படத்தை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். நிறுவனம் அதை இரண்டு முறை நீக்கிவிட்டுப் பிறகு வருத்தம் தெரிவித்துத் திரும்ப வைத்தது. துணிச்சலான செயல்தான், மறுக்கவில்லை. அதற்கு முன்னால் நம் பக்கத்தில் யாரும் வாயே திறக்கவில்லை என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்களே என்பதுதான் என் குறை.

விழுப்புரம் பக்கத்துக்காரியான நான் திரௌபதி அம்மன் கோயில் கூத்துப் பார்த்து வளர்ந்தவள். துகிலுரிதல் நடக்கும் இரவில், கூந்தலைப் பிடித்து இழுக்க வரும் துச்சாதனனிடம் பாஞ்சாலி தான் தூரமாக, அதாவது மாதவிலக்காக, இருப்பதைச் சொல்லித்தான் மன்றாடுவாள். பாஞ்சாலி வேடம் கட்டியிருப்பவர் ஓர் ஆண். எதிரே ஊரே உட்கார்ந்திருக்கும். பெரியவர்களும் சிறுபிள்ளைகளும் சேர்ந்துதான் கேட்பார்கள். யாரும் காதைப் பொத்திக்கொண்டதில்லை. அதே இரவில் உண்மையிலேயே தூரமாக இருக்கும் பெண் கோயில் திடல் பக்கம் வரக்கூடாது என்பது வேறு விஷயம்! மேடையில் ஆண் உரக்கச் சொல்லலாம், பெண் அதை வீட்டுக்குள் கிசுகிசுக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நான் நெடுநாள் கவனிக்கவே இல்லை. தமிழாசிரியை ஆன பிறகு 'பாஞ்சாலி சபத'த்தைப் பாடம் நடத்தும் மனத்தோடு படித்தபோதுதான் உறைத்தது.

பாரதி மறைந்தபின் 1924-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகத்தில், 'மாதவிலக்காதலால் ஓராடை தன்னில் இருக்கிறேன்' என்று பாஞ்சாலி நேராகச் சொல்கிறாள். சுற்றி வளைக்கவில்லை, தலை குனியவில்லை. அவள் தீட்டை எதிர்க்கவில்லையே, அந்த வழக்கத்தைக் காட்டித்தானே சபைக்கு வர மறுக்கிறாள் என்று ஒரு வாசகர் கேட்கலாம். சரிதான். ஆனாலும் தன் உடம்பின் நிலையைத் தன் வாயால் காரணமாகச் சொல்லும் ஓர் அரசியை, நாடறிந்த ஒரு கவிதை நடுவில் நிறுத்தியிருக்கிறார் பாரதி. சபதக் காட்சியை ஆண்டு விழாதோறும் நடிக்கவைக்கும் பள்ளிகளில் இந்த வரி மட்டும் ஏனோ காணாமல் போய்விடும். அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னால், தீட்டு என்று சொல்லித் தினமும் முழுகுகிறவர்களைப் பார்த்து, அது மாதாமாதம் வருவது நின்றதால்தானே நீ உருவம் பெற்றாய் என்று கேட்டவர் சித்தர் சிவவாக்கியர். இன்றைய எந்தப் பதாகையிலும் இவ்வளவு காரமான கேள்வியை நான் பார்த்ததில்லை.

பெண்களே எழுதியதற்கு வருகிறேன். அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையைக் கட்டுரையாளர் எப்படி விட்டார்? ஊருக்குப் போயிருக்கும் அம்மா வந்து அணைத்துக்கொள்வாள், எல்லாவற்றையும் விளக்குவாள் என்று வயதுக்கு வந்த சிறுமி காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள்; சலிப்பாக ஒரு வார்த்தை சொல்கிறாள். கதையில் கொலை என்பது அந்த வார்த்தைதான். தீட்டு என்பதைக் கோயிலும் சாத்திரமும் மட்டும் காப்பாற்றவில்லை, பாசமுள்ள தாயின் எரிச்சலும் காப்பாற்றுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டவில்லை.

துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததோடு பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்ட ஒரு பெண், ஒளித்து வைத்து எழுதிய கவிதைகளால் சல்மா ஆனார். 2004-இல் வந்த அவருடைய நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', அப்படி வீட்டுக்குள் அடங்கிப்போன பெண்களின் உலகத்தைத்தான் திறந்து காட்டுகிறது. தமிழ் நாளிதழ் ஒன்றில் இவர்களுக்கு ஒரு பத்தி கூடக் கிடைக்கவில்லை என்றால் வேறு எங்கே கிடைக்கும்?

மாதவிலக்கு இரத்தத்தையே வண்ணமாகக் கொண்டு தீட்டும் ஓவியர்களைக் கட்டுரை நிறையவே பாராட்டுகிறது. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு, அருவருப்பினால் இல்லை. அந்த ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள். மதுரை மாவட்டம் பேரையூர்ப் பக்கம், மாதவிலக்கு நாட்களில் பெண்களை ஒதுக்கிவைக்கும் முட்டுவீட்டுக்கு அனுப்பப்படும் பெண்ணின் மாமியாரோ கணவரோ ஓவியக் காட்சிக்கூடத்துக்குப் போவதில்லை. கலை எந்த இடத்தில் போய் நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொல்கத்தாவில் வளர்ந்த புகைப்படக் கலைஞர் பௌலோமி பாசு, நேபாளத்தின் மேற்கு மலைக் கிராமங்களில் சௌபடி வழக்கப்படி பெண்கள் ஒதுக்கிவைக்கப்படும் குடிசைகளுக்கே போய்ப் படம் எடுத்தார். அந்த வழக்கத்துக்கு அங்கே உச்சநீதிமன்றம் 2005-இலேயே தடை விதித்துவிட்டது. 2017-இல் மூன்று மாதச் சிறையோ 3,000 நேபாள ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கும் சட்டமும் வந்தது. சட்டம் வந்த பிறகும் குளிரிலும் புகையிலும் பாம்புக்கடியிலும் அந்தக் குடிசைகளில் பெண்கள் செத்தார்கள். நமக்கும் இது தொலைதூரக் கதை இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே தென்னந்தோப்புக் குடிசையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி, மரம் விழுந்து இறந்தாள். முதல் மாதவிலக்கு.

என்னைக் கேட்டால், அதிகம் சாதித்தது ஒரு படக்கதைப் புத்தகம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்த அதிதி குப்தாவும் துஹின் பாலும் உருவாக்கிய 'மென்ஸ்ட்ருபீடியா' காமிக்ஸ், பிரியா என்ற அக்கா மூன்று சிறுமிகளுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வதாக அமைந்தது. தமிழிலும் வந்திருக்கிறது. முழக்கமோ அழுகையோ கிடையாது. சந்தேகம் கேட்கும் பிள்ளைகள், பதில் சொல்லும் ஒரு பெரியவள், புரியும்படி வரைந்த கருப்பை. நான் வேலை பார்த்த ஒரு பெண்கள் பள்ளியில் அந்தப் புத்தகம் கைமாறிக் கைமாறி ஓரம் கிழிந்தே போனது. உயிரியல் பாடத்தில் இனப்பெருக்கப் பகுதியை 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று தள்ளிவிடும் ஆசிரியர்கள் இருக்கும் ஊரில் அது சின்ன வேலை இல்லை.

அதே பள்ளியில்தான் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆண்டு மலருக்குக் கதை எழுதிக் கொடுத்தாள். பரீட்சை நடுவே பாவாடையில் கறைபட்ட பெண், கேள்வித்தாளை முடித்த பிறகும் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். மேற்பார்வைக்கு வந்திருக்கும் ஆண் ஆசிரியர் 'எழுதி முடித்தவர்கள் கிளம்பலாம்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவ்வளவுதான் கதை. நன்றாக எழுதியிருந்தாள். 'மலரைப் பெற்றோர் பார்ப்பார்கள்' என்று சொல்லி, கறையை எடுத்துவிட்டு வயிற்றுவலி என்று மாற்றச் சொன்னது மலர்க்குழு. நான் வாதாடித் தோற்றேன். வயிற்றுவலி வந்த பெண் ஏன் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அச்சான கதையைப் படித்த யாருக்கும் புரியவில்லை.

இத்தனைக்கும் நம் ஊரில் முதல் மாதவிலக்கை மறைக்கும் வழக்கம் இல்லை. பெண்ணின் படத்தோடு முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைக்கிறோம், தாய்மாமன் சீர்வரிசையைத் தெருவே பார்க்கிறது. அடுத்த மாதத்திலிருந்து மருந்துக்கடைக்காரர் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பைக்குள் போட்டுக் கொடுக்கிறார். அந்தச் செய்தித்தாள் பல சமயம் தங்கள் நாளிதழ்தான் என்பதைச் சிரித்துக்கொண்டே தெரிவிக்கிறேன்.

தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். மாதவிலக்கு பற்றி எது எழுதினாலும், முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்தையே போடுகிறீர்கள். போன வாரமும் அதே படம். துணிந்த கலைஞர்களைப் பற்றிய கட்டுரைக்கே அந்தப் படமா? தமிழ்நாட்டில் ஓவியம் படிக்கும் பெண்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். உரிய பணமும் கொடுங்கள்.

இரண்டாவது, சிறுவர் இணைப்பு. மகளிர் இணைப்பில் வருவதைப் பையன்கள் புரட்டுவதில்லை. புதிர்ப் பக்கத்துக்கும் விலங்குச் செய்திகளுக்கும் நடுவில், மாதவிலக்கு வரும் ஒரு சிறுமி சாதாரணமாக நடமாடும் படக்கதை ஒன்றைத் தொடராகப் போடுங்கள். எதிர்ப்புக் கடிதங்கள் வரும். அவற்றையும் இதே பகுதியில் வெளியிடுங்கள், பதில் எழுத எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.