எத்தனை டெராபைட் என்று மட்டும் கேட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2022 மே மாதம் திருச்சி என்.ஐ.டி.யில் ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, 838 டெராஃப்ளாப்ஸ் என்ற கணக்கிடும் வேகம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. இப்போது டெல்டாவில் சின்னக் கல்லூரிகளும் கிளஸ்டர் (பல கணினிகளை ஒன்றாக இணைத்த அமைப்பு) வாங்க ஆசைப்படுகின்றன. நல்லதுதான். ஆனால் டெண்டரில் கேட்பதெல்லாம் எத்தனை ஜி.பி.யூ. (கணக்குகளை வேகமாகப் போடும் சிப்), எத்தனை டெராபைட் என்பதோடு சரி.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கிளஸ்டரைப் பார்த்துக்கொள்பவன் நான். கோப்புகளைப் பல டிஸ்க்குகளில் வைத்து எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகத் தரும் ‘லஸ்டர்’ கோப்பு முறைமை போட்டிருக்கிறோம். ஆராய்ச்சி மாணவி ஒருவர் நெற்பயிர் இலை நோய்ப் படங்களைத் துண்டு துண்டாக வெட்டி, லட்சக்கணக்கில் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தார். வேலையை ஓடவிட்டால் ஜி.பி.யூ. சும்மா கிடக்கிறது, டிஸ்க்குகளும் சும்மாதான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவை வைத்திருக்கும் மெட்டாடேட்டா சர்வர் மட்டும் திணறுகிறது. அதே ஃபோல்டரில் யாராவது கோப்புப் பட்டியல் கேட்கும் ‘எல்எஸ்’ கட்டளையை அடித்தால், டீ குடித்துவிட்டு வந்தாலும் பட்டியல் வராது.

நெல் கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தராசும் ஆளும் நிறைய இருந்தாலும் பதிவேடு எழுதுபவர் ஒருவர் என்றால் வரிசை அவரிடம்தான் நிற்கும். லஸ்டரில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் மெட்டாடேட்டா சர்வரைக் கேட்டாக வேண்டும், அது சில கேபி படமானாலும் சரி, பல ஜிபி கோப்பானாலும் சரி.

படங்களை, பலவற்றை ஒன்றாக அடக்கும் எச்டிஎஃப்5 வகையில் சில பெரிய கோப்புகளாகக் கட்டி, வேலை தொடங்கும்போதே அது ஓடும் நோடில் (கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு) உள்ள எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கச் சொன்னோம். பைசா செலவில்லாமல் தீர்ந்தது. பெரிய கோப்புக்கு வேறொரு வில்லங்கம் உண்டு: நாமாக ‘எல்எஃப்எஸ் செட்ஸ்ட்ரைப்’ என்ற கட்டளையைக் கொடுத்துப் பிரிக்காவிட்டால், பொதுவாக முழுக் கோப்பும் ஒரே ஓஎஸ்டியில் (லஸ்டரின் ஒரு சேமிப்புப் பகுதி) போய் உட்காரும். அந்தக் கட்டளையையும் கோப்பை எழுதுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். ஏற்கெனவே எழுதிய கோப்புக்குச் செல்லாது. இதை யாரும் மாணவர்களுக்குச் சொல்லித்தருவதில்லை.

விற்பவர்கள் காட்டுவது பெரும்பாலும் பெரிய கோப்பை வைத்து எடுத்த ஐஓஆர் (தரவைப் படிக்கும், எழுதும் வேகத்தை அளக்கும் சோதனை) வேகம். அது பார்க்க அழகாகவே இருக்கும். சேமிப்பு அமைப்புகளை வரிசைப்படுத்தி 2017 முதல் வரும் ஐஓ500 பட்டியலே ஐஓஆரோடு, மெட்டாடேட்டா வேகத்தை அளக்கும் எம்டிடெஸ்ட்டையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போடுகிறது. கல்லூரி டெண்டர்களும் இரண்டையும் கேட்கட்டும். அப்புறம், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் நம் மாணவர்களின் சொந்தக் கோப்புகளையே ஏற்றி, பல நோடுகளிலிருந்து ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கிளஸ்டர் நிர்வாகி,
தஞ்சாவூர்.