பூங்கா வேலியில் தொங்கும் மஞ்சள் பழம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழகுக்காக வளர்க்கும் செடிகளின் பழங்களில் ஆன்டிஆக்சிடன்ட் (உடம்பின் செல்களைக் கெடுக்கும் வேதிப்பொருட்களை அடக்கும் பொருள்) நிறைந்திருப்பதாகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பக்கத்தையே கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார். "பெரியப்பா, நம்ம பூங்கா வேலியில கொத்துக் கொத்தா தொங்குதே மஞ்சப் பழம், அதுவும் உடம்புக்கு நல்லதாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது.

ஏனென்றால் அதே பழத்தை என் பேத்தி போன ஐப்பசியில் தின்றுவிட்டாள். டுரண்டா என்று நர்சரிக்காரர்கள் விற்கும் செடி. ஒழுங்காக வெட்டிவிட்டால் மஞ்சள் இலை வேலியாக நிற்கும், பழம் கண்ணில் படாது. ஆறு மாதம் கத்தரி படவில்லை என்றால் ஊதாப் பூ பூத்து, பட்டாணியளவு ஆரஞ்சு மணிகள் சரமாகத் தொங்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது மிட்டாய். அந்தப் பழத்தில் சபோனின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு வாந்தி, கண் சொருகல். மருத்துவமனையில் முதல் கேள்வியே "என்ன செடி?" என்பதுதான். எனக்குப் பெயர் தெரியவில்லை. ஓடிவந்து பூங்கா காவலாளியிடம் கேட்டால், "குரோட்டன்ஸ் சார்" என்றார். நம் தண்டையார்பேட்டையில் தொட்டியில் நிற்பது எல்லாமே குரோட்டன்ஸ்தானே! கம்பிக் கதவுக்குள் கைவிட்டு ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன். பிள்ளை மறுநாள் தேறிவிட்டாள்.

கட்டுரையில் பொய் இல்லை. இங்கே ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டு உதவியாளராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன், ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எனக்கு நன்றாகத் தெரியும். டி.பி.பி.எச். என்ற பொடியை மெத்தனாலில் கரைத்தால் நல்ல அடர் ஊதா. அதில் பழச்சாறோ இலைச்சாறோ சில துளி விட்டு, அரை மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். ஆன்டிஆக்சிடன்ட் இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று 517 நானோமீட்டர் அலைநீள ஒளியைச் செலுத்தி அளப்பார்கள். கடைசி வருட மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு ஒரு வருடம் முருங்கை, மறு வருடம் கறிவேப்பிலை என்று கொண்டுவருவார்கள். ஒரு பெண் அரளி இலையை அரைத்துக்கொண்டு வந்தது. அதுவும் பளிச்சென்று மஞ்சளானது! இதயத்தையே நிறுத்தக்கூடிய அரளி. சோதனைக்குழாய்க்கு நாக்கும் கிடையாது, ஈரலும் கிடையாது. குழாய்களைக் கழுவிக் கவிழ்த்தவன் நான்.

அமெரிக்க வேளாண்மைத் துறையே உணவுப் பொருட்களின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைப் பட்டியல் போட்டு இணையத்தில் வைத்திருந்தது. குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் பொருத்தம் காட்ட முடியவில்லை என்று 2012-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்காக எல்லாப் பழத்தையும் ஒதுக்கச் சொல்லவில்லை. அங்கே அழகுக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் நட்ட ஆட்டம் ஆலிவ் (autumn olive) என்ற புதரின் பழத்தில், 100 கிராமுக்கு 15 முதல் 54 மில்லிகிராம் வரை லைகோபீன் என்ற சிவப்பு நிற ஆன்டிஆக்சிடன்ட் இருப்பதாக 2001-ல் கண்டார்கள். தக்காளியில் சுமார் 3 மில்லிகிராம்தான். ஆனால் அது தின்னக்கூடிய பழம், ஜாம் போடுகிறார்கள். தின்னலாமா என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும், லைகோபீன் கணக்கு அப்புறம்.

நம்மிடமும் அப்படிப்பட்ட செடிகள் இல்லாமல் இல்லை. இட்லிப்பூச் செடியின் கருஞ்சிவப்புப் பழத்தைப் பள்ளிக்கூட மதில் ஓரம் பறித்துச் சப்பாதவர் என் வயதில் யார்? களாக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். பழுத்தால் கறுக்கும், சாறு சட்டையில் பட்டால் சிவப்பு. அம்மா சோப்புப் போட்டால் கறை போகாது, நீலமாக மாறும், எனக்கு முதுகில் இரண்டு விழும். அந்த நிறம் மாறும் சாயம்தான் ஆந்தோசயனின், கட்டுரையாளர் புகழ்ந்த அதே ஆன்டிஆக்சிடன்ட். களா நல்ல வேலிச் செடியும்கூட. முள் குத்தும் என்பார்கள். குத்தட்டுமே, வாந்தி எடுப்பதற்கு அது மேல்.

உண்ணிச்செடியையும் சொல்லிவிடுகிறேன். கொருக்குப்பேட்டை ரயில் பாதை ஓரம் கறுத்த உண்ணிப் பழத்தைத் தின்றுதான் நாங்கள் வளர்ந்தோம். பச்சைக் காயும் இலையும் மாட்டின் ஈரலைக் கெடுப்பவை என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பேத்திக்கு அதைக் காட்டிக்கூடக் கொடுக்கமாட்டேன்.

அடுத்த முறை இப்படி எழுதும்போது எந்தச் செடி, எந்தப் பழம் என்று படத்தோடு போடுங்கள். தின்னக்கூடாதவற்றின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். பூங்காவைப் பராமரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வேலிச் செடிக்கும் தமிழில் பெயர்ப்பலகை வையுங்கள், டுரண்டாவுக்குக் கீழே 'தின்னக்கூடாது' என்று சிவப்பில் எழுதுங்கள். போர்டு எழுதுகிறவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார், பேசிவிட்டேன். தகரம் என் செலவு. ஆணி அடிக்க அனுமதி கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை