உன் அலமாரியில் அம்மாக்கள் இல்லை

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அக்கா பெண்ணுக்கு முன்பல் ஆடுகிறது. வேறு சேதி இல்லை. போன் பண்ணினால் "ம், நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால் கடிதமாக எழுத உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி நேரத்தோடு படு.

உன் அலமாரிப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. சுஜாதாவின் ஜீனோவுக்கு அப்புறம் இந்தப் பக்கமே வராதவள்தான். தூசி தட்டத்தான் எடுத்தேன், திருப்பி வைக்க மனசு வரவில்லை. நீ பென்சிலில் கோடு போட்ட இடம் வந்தால் மட்டும் இரண்டு தடவை படிக்கிறேன்.

முதலில் ஒரு புகார். இந்த மாதிரி விஞ்ஞானக் கதை, மாயாஜாலக் கதை எழுதுகிறவர்களுக்கு அம்மாக்கள் மேல் அப்படி என்ன கோபம்? ஃபிராங்கன்ஸ்டைனின் அம்மா காய்ச்சலில் போய்விடுகிறாள், அதுவும் பிள்ளை மேல்படிப்புக்குக் கிளம்புகிற சமயமாகப் பார்த்து. டோல்கீன் கதையில் ஃபுரோடோவின் அப்பா அம்மா இரண்டு பேரும் படகில் போய் ஆற்றோடு போனார்கள். எர்த்சீ கதையில் அந்த கெட் பையனுக்கு ஒரு வயது முடிவதற்குள் அம்மா இல்லை. ஹாரி பாட்டரைச் சொல்லவே வேண்டாம். பிள்ளை ஊரை விட்டுக் கிளம்ப வேண்டுமென்றால் அம்மாவை முதலிலேயே அனுப்பிவிட வேண்டும் போலிருக்கிறது. எனக்கும் புரிகிறது. அவள் இருந்தால் சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் எடுத்தாயா என்று கேட்டே கதையை நகரவிட மாட்டாள்.

அதனால்தானோ என்னவோ, ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய டூன் பிடித்தது. ஆரம்பப் பக்கங்கள் படுத்தி எடுத்துவிட்டன. கதைக்குப் பின்னால் அகராதி வைத்து எழுதினால் எந்த மனுஷி படிப்பாள்? வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அதில் நாயகனின் அம்மா ஜெசிகா இருக்கிறாள். ஆரம்பத்திலேயே அந்தப் பெட்டி வருகிறதே, நினைவிருக்கிறதா? அவளுடைய 15 வயசுப் பையனைப் பெட்டிக்குள் கையை விடச் சொல்கிறாள் ஒரு கிழவி. உள்ளே ஒன்றுமில்லை, வலி மட்டும். தோல் கருகி எலும்பு வரைக்கும் எரிகிற மாதிரி இருக்கும், வெளியே எடுத்துப் பார்த்தால் கீறல்கூட இருக்காது. பொறுக்க முடியாமல் பாதியில் எடுத்தால் கழுத்தோரம் விஷ ஊசி. அவ்வளவு நேரமும் ஜெசிகா கதவுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். திறக்கக் கூடாது என்பதும் தெரியும். ஃபிராங்க் ஹெர்பர்ட் பையனோடு உள்ளேயே இருந்துவிடுகிறார். எனக்கு அந்தப் பக்கங்கள் முழுக்கக் கண் கதவு மேலேயே இருந்தது. அங்கே நீ ஒரு கோடுகூடப் போடவில்லை.

அப்புறம் அம்மாவும் பிள்ளையும் பாலைவனத்தில் நடக்கிறார்கள். ஒரே தாளத்தில் நடந்தால் மணல்புழு கேட்டுக்கொண்டு வந்துவிடும். அதனால் ஒரு அடி இழுத்து, கொஞ்சம் நின்று, இரண்டு அடி வைத்து, மறுபடி நின்று. உன்னிடம் பேச நானும் இப்போது அப்படித்தான் நடக்கிறேன்.

சரி, அதை விடு. ராமா புத்தகத்தை முடித்துவிட்டேன், கிளார்க் எழுதியது. 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு உருளை எங்கிருந்தோ வருகிறது, மனுஷர்கள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கிறார்கள், அது இவர்களைச் சட்டை பண்ணாமல் தன் வழியே போய்விடுகிறது. முடிந்தது கதை. முதலில் இதற்கா இத்தனை பக்கம் என்றிருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தத் திமிர்தான் அதில் அழகு. ஆனால் கேப்டன் நார்ட்டனைப் பார், பூமியில் ஒரு குடும்பம், செவ்வாயில் ஒரு குடும்பம். ஒரே செய்தியைப் பதிவுசெய்து அங்கங்கே மாற்றி இரண்டு வீட்டுக்கும் அனுப்புகிறான். கெட்டிக்காரன். ஆனாலும் அனுப்புகிறானே! குடும்பம் என்று எழுதியதால் ஏதோ கேட்க வருகிறேன் என்று நினைக்காதே. ஆனந்தி போன வாரம் போன் பண்ணினாள். அப்பாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தாள். நானும் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை.

ஜோ ஹால்ட்மனின் யுத்தக் கதை உனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று எனக்குத் தெரியவில்லை. 1974-இல் வந்தது, எழுதியவர் வியட்நாமில் சண்டை போட்டவர் என்று அட்டையில் படித்தேன். விண்வெளியில் சண்டைக்குப் போன போர்வீரன் திரும்பி வந்தால் அவனுக்குக் கொஞ்சம்தான் வயசாகியிருக்கிறது, வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரு ஆயுசே கடந்திருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன், பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் போனால், போகிறவனுக்கு 1 வருஷம் என்றால் இங்கே சுமார் 7 வருஷமாம். "காத்திருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தானே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. நீ ஒன்பதாவது படிக்கும்போதே இதையெல்லாம் படித்துவிட்டாய் என்று அக்காவின் மாமியாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். படித்த பிள்ளைதான் நீ. படித்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கை அணைப்பாய். இப்போதும் அப்படித்தான் என்றால் வேண்டாம், நேரத்தோடு படு.

டோல்கீனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நடக்கிறார்கள், பாடுகிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். பாட்டையெல்லாம் தாண்டிக் குதித்துவிட்டேன். மோதிரத்தைத் தூக்கினவன் ஃபுரோடோ என்கிறார்கள், என் கணக்கில் அவனையே முதுகில் தூக்கிக்கொண்டு மலை ஏறின சாம்தான் நாயகன். உன் அறையில் கூட இருந்தானே, அந்த உயரமான பையன், அவன் இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறானா? அடிக்கடி வருவானா? சும்மா கேட்டேன்.

எல்லாவற்றிலும் என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணியது ஃபிராங்கன்ஸ்டைன்தான். 1818-இல் வந்த புத்தகம், எழுதத் தொடங்கும்போது மேரி ஷெல்லிக்கு வயசு 18. எல்லாரும் அந்தப் பூதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பூதமும் பாவம்தான், கண் திறந்ததும் செய்தவனே பயந்து ஓடிவிடுகிறான். எனக்கு மார்கரெட்டை விட்டு மனசு நகரவில்லை. நாவலே அவளுக்கு வந்த கடிதம்தான். வடதுருவத்துப் பக்கம் பனிக்கட்டியில் கப்பல் மாட்டிக்கொண்டு கிடக்க, தம்பியோ அண்ணனோ அந்த வால்டன் உட்கார்ந்து எழுதுகிறான். அவள் எழுதின ஒரு வரிகூடப் புத்தகத்தில் இல்லை. படித்தாளா, அழுதாளா, ஒன்றும் தெரியாது. கப்பலைத் திருப்பிவிட்டோம் என்று எழுதுகிறான், வந்து சேர்ந்தானா என்று எங்கேயும் இல்லை. பூதம் இருட்டில் மறைந்ததும் கதை முடிந்துவிடுகிறது. இலக்கியம் தெரிந்தவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இது குறைதான். கிளம்பினவன் வீடு வந்து சேர்ந்தான் என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துபோகும்?

டூனுக்கு இரண்டாம் பாகம் ஒன்றும் அலமாரியில் இருக்கிறது, ஒல்லியாக, 1969 என்று போட்டிருக்கிறது. அதில் நீ கோடு எதுவும் போடவில்லை, படித்தாயா என்றே தெரியவில்லை. ஜெசிகா அதிலும் கூடவே இருக்கிறாளா, இல்லை அவளையும் ஓரங்கட்டிவிட்டார்களா? இருந்தால்தான் எடுப்பேன். எடுக்கவா வேண்டாமா என்று எழுது. போனில் சொன்னாலும் சரி.

அம்மா